வளவும் பாத்தியும்: வாசகர் கேள்வி பதில்

ஆவணி பிறந்ததும் வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியவைதான். இந்த முறையும் அப்படியே. அதனால் தண்ணீரிலேயே தொடங்குகிறேன். பப்பாசி, மாங்காய், மான் எல்லாம் பின்னால் வருகின்றன.

அக்கா, எங்கள் வளவு கடலில் இருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. பங்குனி வரை செழிப்பாக நின்ற கத்தரியும் மிளகாயும் ஆடிக்குப் பிறகு இலை ஓரம் கருகி, வளராமல் நிற்கின்றன. யூரியா போட்டும் தேறவில்லை. இது என்ன நோய்?
— வாசகி, உப்புவெளி

தங்கச்சி, நோய்க்கு மருந்து தேடுவதை விட்டுவிட்டுக் கிணற்றைப் பாருங்கள். நிலாவெளி, உப்புவெளி, சாம்பல்தீவு என்று நம் திருகோணமலைக் கரை முழுவதும் மணல். அந்த மணலுக்குக் கீழே மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துதான் நிற்கிறது. நல்ல தண்ணீர் கனம் குறைந்தது என்பதால் மேலே நிற்கிறது, அவ்வளவுதான். மாரி ஓய்ந்த தை, மாசியில் அந்தப் படை தடிப்பாக இருக்கும். கச்சான் காற்று வீசத் தொடங்கி, மாதக்கணக்கில் மழை இல்லாமல் போனால் மெலிந்துவிடும். மெலிந்திருக்கிற நேரத்தில் மோட்டரைப் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் கீழே கிடக்கும் உப்பு மேலே ஏறி வரும். ஏறியது லேசில் இறங்காது.

ஆகவே காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று இறையுங்கள். இடையில் கிணறு ஊறட்டும். குழாயின் வாயை அடிமட்டும் இறக்காமல் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். நிலாவெளியில் என் மாமா கடைசி வரை வாளியால்தான் அள்ளினார். அக்கம்பக்கத்துக் கிணறுகள் உவர்த்த பிறகும் அவருடைய கிணற்றில் தேநீர் வைக்கலாம்.

காலையில் பாத்தியின் ஓரத்தைக் குனிந்து பாருங்கள். மண் காய்ந்த இடத்தில் கோதுமை மா சிந்தியது போல வெள்ளைப் படலம் தெரிகிறதா? அது தண்ணீர் ஆவியாகிப் போனபின் தங்கிய உப்பு. நாளுக்கு நான்கு தரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் இந்தப் படலம் கூடும். ஒரு தரம் ஊற்றினாலும் வேருக்குக் கீழே இறங்கும்படி ஊற்றுங்கள். அதையும் பின்னேரத்தில், அடியில் மட்டும் ஊற்றுங்கள். உவர்த்தண்ணீர் இலையில் பட்டு வெயிலில் காய்ந்தால் இலை கருகும். பாத்தியை வைக்கோலாலோ சருகாலோ நான்கு விரல் தடிப்புக்கு மூடிவிடுங்கள். யூரியாவை இப்போதைக்கு நிறுத்துங்கள். அதுவும் வேருக்கு உப்புப் போன்றதுதான், பட்ட புண்ணில் இன்னும் படும்.

எல்லாப் பயிரும் உப்பை ஒரே மாதிரித் தாங்காது. போஞ்சி, வெங்காயம், தேசி, மா இவை நான்கும் சீக்கிரம் சோர்ந்துவிடும். தென்னை தாங்கும். பீட்ரூட் நன்றாகவே தாங்கும், அதன் இலையில் வறையும் சுண்டலாம். மாதுளையும் கொய்யாவும் ஓரளவு சமாளிக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மணலில் சேர்ந்த உப்பு நிரந்தரமாகத் தங்காது. ஐப்பசியில் நல்ல மழை இறங்கினால் கழுவிக்கொண்டு போய்விடும். ஆனால் அந்த மழை பசளையையும் சேர்த்துக் கழுவும். மாட்டெரு முழுவதையும் மழைக்கு முன் கொட்டிவிடாதீர்கள். பாதியை இப்போது கலந்து, மீதியை மார்கழி கழிந்தபின் போடுங்கள்.

மிளகாய்க் கன்றின் இலையெல்லாம் சுருண்டுவிட்டது. கடையில் தந்த மருந்து இரண்டு முறை அடித்தும் கேட்கவில்லை.
— வாசகர், தம்பலகாமம்

தம்பி, எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று எழுதவில்லையே. அதில்தான் விஷயம் இருக்கிறது. இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி. கவிழ்த்த தோணி மாதிரிக் கீழ்நோக்கி மடிந்து காம்பு நீண்டால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் மருந்து வேறு. பூச்சிக்கு அடிப்பது உண்ணிக்குப் பெரும்பாலும் கேட்காது. மூன்றாவது வகையில் இலை சிறுத்து, மஞ்சளித்து, கன்று குட்டையாகக் கொத்துக் கொத்தாக நிற்கும். அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அந்தக் கன்றுக்கு மருந்தே இல்லை. இரக்கம் பார்க்காமல் பிடுங்கி எரியுங்கள், மற்றக் கன்றுகள் பிழைக்கும்.

முதல் இரண்டுக்கும் தொடக்கத்திலேயே வேப்பங்கொட்டைக் கரைசல் நல்லது. ஆனி, ஆடியில் வேம்பின் கீழ் கொட்டிக் கிடக்கிறதைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்திருந்தால் காசு செலவில்லை. பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, வெயில் தணிந்தபின் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். வடித்த அன்றே அடித்து முடித்துவிட வேண்டும்.

பப்பாசி ஆளுயரம் வளர்ந்து பூத்துக் குலுங்குகிறது. ஒரு பிஞ்சுகூட இல்லை.
— வாசகி, கிண்ணியா

பூ நீளமான காம்பில் கொத்தாகத் தொங்குகிறது என்றால் அது ஆண் மரம். வெட்டிவிடலாம், ராத்தா. அடுத்த முறை ஒரு குழிக்கு மூன்று கன்று நட்டு, பூத்த பிறகு பார்த்து ஒன்றை விட்டு மற்றதை எடுங்கள். ரெட் லேடி போன்ற கலப்பின விதையில் இந்த ஆண் மரத் தொல்லை இல்லை. ஆனால் அதன் பழத்தில் எடுத்த விதையை நம்பி நட வேண்டாம். நடும்போது மண்ணைக் குவித்து மேட்டில் நடுங்கள். கார்த்திகை மழையில் இரண்டு நாள் வேரில் தண்ணீர் நின்றாலே பப்பாசி போய்விடும்.

டவுனுக்குள் இருக்கிறோம். விடிவதற்குள் மான் வந்து பயிற்றங்கொடி முழுவதையும் தின்றுவிட்டது. கடற்கரையில் பழைய மீன்வலை வாங்கிச் சுற்றிக் கட்டலாமா?
— வாசகர், உவர்மலை

தயவுசெய்து வலை கட்டாதீர்கள், தம்பி. வலையில் கொம்பு சிக்கினால் மான் துள்ளித் துள்ளி இன்னும் இறுக்கிக்கொள்ளும். விடியும்போது கழுத்து நெரிபட்டுக் கிடக்கும். கோட்டையிலும் கடற்கரையிலும் ஆட்களோடு ஆட்களாகத் திரியும் இந்தப் புள்ளிமான்கள் நம் ஊருக்கு அழகு. குப்பையில் பொலித்தீன் தின்று அவை படுகிற பாடு ஏற்கனவே போதும். சட்டமும் அவற்றைப் பாதுகாக்கிறது.

மான் பாயும் விலங்குதான், ஆனால் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் பாயத் தயங்கும். ஆகவே உள்ளே தெரியாத வேலி வேண்டும். நம் பழைய கிடுகு வேலியே போதும், ஆறடி உயரத்துக்கு அடையுங்கள். கிடுகு கிடைக்காவிட்டால் பனைமட்டை வரியலாம். கதியாலாகக் கிளுவையை இந்த மாரியிலேயே ஊன்றிவிட்டால் அடுத்த வருடம் அதுவே வேலி. கிளிசரிடியா ஊன்றினால் வேலிக்கு வேலியும் ஆச்சு, வெட்டுகிற இலை பாத்திக்குப் பசளையும் ஆச்சு.

குரங்கைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 2025 மார்ச் 15 அன்று காலையில் ஐந்து நிமிடம் நாடு முழுவதும் வளவில் நிற்கும் குரங்கு, மயில், மரஅணிலை எண்ணச் சொன்னார்களே, குரங்கு எல்லா ஊருக்கும் உள்ள தலையிடி என்பதற்கு அதுவே சாட்சி. குரங்கு வேலியை மதிக்காது. மரத்தின் கிளை வளவுக்குள் தொங்காமல் வெட்டுவதும், பழங்களைப் பழுக்கவிடாமல் முற்றியதும் இறக்குவதும்தான் கைகொடுக்கிறது.

காய்க்கிற நேரத்தில் தக்காளிச் செடி பச்சையாகவே வாடி விழுகிறது. தண்ணீர் ஊற்றினாலும் நிமிரவில்லை.
— வாசகி, பாலையூற்று

ஒரு செடியைப் பிடுங்கி, தண்டின் அடியில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டுங்கள். கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் தண்ணீரில் தொடும்படி அந்தத் துண்டை அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயில் இருந்து வெள்ளை நூல் போல ஒன்று பால் மாதிரிக் கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல். நூல் வராவிட்டால் வேறு காரணம், வேரைப் பார்க்க வேண்டும்.

பற்றீரியா என்றால் அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதையும் சில போகத்துக்கு வைக்காதீர்கள், நான்கும் ஒரே குடும்பம். சோளன், வெண்டி, கௌபி போடுங்கள். பிடுங்கிய செடியைக் கூட்டெருக் குழியில் போடாமல் எரியுங்கள். தக்காளி வேண்டியே தீரும் என்றால் சுண்டங்கத்தரியில் ஒட்டிய கன்று கிடைக்குமா என்று பாருங்கள், அதன் வேர் இந்த நோயைத் தாங்கும்.

கூடவே காலத்தையும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகையில் நாற்று மேடை போட்டு, மார்கழியில் நட்டால் மாசி, பங்குனியில் பறிக்கலாம். நம் வைகாசி, ஆனி இரவுகள் தக்காளிக்குச் சூடு அதிகம். பூக்கும், பிறகு பூவெல்லாம் கொட்டும். அந்த நேரம் பசளை மாற்றி மாற்றிப் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள்.

2025 கார்த்திகையில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் எங்கள் வளவில் வண்டலைப் போட்டுவிட்டுப் போனது. இன்றைக்கும் மண் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கிறது. இந்த மாரிக்கு ஏதாவது நடலாமா?
— வாசகர், மூதூர்

வாசித்ததும் மனம் கனத்துப் போனது, தம்பி. மகாவலி கடலில் சேருகிற பக்கத்து ஆட்கள் நீங்கள். ஆறு தந்ததையும் ஆறு எடுத்ததையும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த வண்டலை வெட்டி வெளியே கொட்டிவிடாதீர்கள். கண்ணாடி, தகரம், பொலித்தீனைப் பொறுக்கி எடுத்துவிட்டு, முதல் மழையில் மண் நனைந்து பிசுபிசுப்புக் குறைந்த நேரம் பார்த்து மண்வெட்டியால் புரட்டி அடி மணலோடு கலவுங்கள். மணலுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சக்தியைத் தருவது வண்டல்தான். ஈரம் கூடிய நேரத்தில் கொத்தினால் கட்டி கட்டியாக இறுகும்.

உடனே மரக்கறி வைக்க வேண்டாம். கௌபியோ பயறோ நெருக்கமாக விதைத்து, பூக்கத் தொடங்கும்போது வெட்டி அப்படியே மண்ணில் புதையுங்கள். இது ஒன்றரை, இரண்டு மாத வேலை. அதன் பிறகு பாத்தியை முழங்கால் அளவுக்கு உயர்த்தி, இடையில் வாய்க்கால் விட்டு, தையில் கத்தரியும் மிளகாயும் நடுங்கள். மீண்டும் வெள்ளம் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வெள்ளத்தில் மூழ்கிய கீரையைச் சமைக்கவும் வேண்டாம், வல்லாரையைச் சம்பல் போடவும் வேண்டாம். கிணற்றுக்குக் குளோரின் போடும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் மா நிறையக் காய்க்கிறது. வெட்டினால் பாதிப் பழத்தில் புழு. துளசி இலை கட்டித் தொங்கவிட்டால் ஈ போகும் என்கிறார்களே?
— வாசகி, அன்புவழிபுரம்

போகாது, வரும். துளசியில் உள்ள ஒரு வாசனைப் பொருள் பழ ஈயின் ஆணை இழுக்கிறது. கசக்கிய துளசியை ஒரு போத்தலில் சிறிது நஞ்சோடு வைத்தால் ஆண் ஈ உள்ளே வந்து சாகும். ஆனால் பழத்தில் குத்தி முட்டையிடுவது பெண். அதனால் பொறி ஒரு பாதி வேலைதான். பாகல், புடோலுக்கு வரும் ஈக்கு இந்தத் துளசி கொஞ்சமும் கேட்காது, அது வேறு இனம்.

மற்றப் பாதி வேலை விழுந்த பழத்தில் இருக்கிறது. அதற்குள் இருக்கும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த ஈயாக வெளியே வருகிறது. தினமும் காலையில் பொறுக்கி, தடித்த பொலித்தீன் பையில் கட்டி நல்ல வெயிலில் போடுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். கைக்கு எட்டுகிற கொப்புகளில் காய் முற்றுவதற்கு முன்பே பத்திரிகைத் தாளில் பை செய்து கட்டிவிடலாம். பாகலுக்கும் இதுவே வழி. பழுக்கும்வரை மரத்தில் விடாதீர்கள். காம்படியில் தோள் புடைத்ததும், ஓர் அங்குலக் காம்போடு வெட்டி இறக்கி, தலைகீழாகச் சாய்த்துப் பாலை வடியவிடுங்கள். பால் பட்ட தோல் கறுத்துப் போகும்.

எங்களுக்குக் காணி இல்லை, மேல்மாடியில் குடியிருக்கிறோம். ஆசை மட்டும் நிறைய.
— வாசகி, லிங்கநகர்

ஆசை இருந்தால் பாதிக் காணி வந்த மாதிரித்தான், தங்கச்சி. அரிசிப் பையில் மணல், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். தும்புத்தூளை முதலில் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், அதிலும் உப்பு இருக்கும். பையைச் செங்கல்லின் மேல் வையுங்கள். மிளகாய், கத்தரி, பசளி மூன்றும் பையில் நன்றாக வரும். பூசணியை நினைக்க வேண்டாம்.

ஆனால் என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். 2022இல் அரிசிக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், ஆனி மாதம் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்யவென்று வெள்ளிக்கிழமைகளில் லீவுகூடக் கொடுத்தார்கள். காணி இல்லாதவர் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்போது சாம்பல்தீவில் சும்மா கிடந்த ஒரு காணியைச் சொந்தக்காரரிடம் கேட்டு, குடும்பத்துக்கு ஒரு துண்டாகப் பிரித்துக் கொத்தத் தொடங்கினோம். அரிசி வரிசை போய்விட்டது, தோட்டம் இன்னும் இருக்கிறது. உங்கள் தெருவிலும் கதவு பூட்டிய ஒரு வளவு இருக்கும், வெளிநாட்டில் இருக்கிற ஒருவருடையது. விசாரியுங்கள். எழுத்தில் வாங்குங்கள், எத்தனை வருடம் என்பதையும் எழுதுங்கள். மரம் நட அனுமதி உண்டா என்பதை முதலிலேயே கேளுங்கள். அப்புறம், தண்ணீர் முறையையும் வேலிச் செலவையும் பேசித் தீர்க்காமல் ஒரு விதைகூடப் போடாதீர்கள். கூட்டுத்தோட்டங்கள் பூச்சியால் அழிவதைவிடத் தண்ணீர் முறைச் சண்டையால் அழிவதுதான் அதிகம்.

நோய், பூச்சி என்று வரும்போது இலையைக் கையில் வைத்துக்கொண்டு 1920க்கு அழையுங்கள். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் அது.

நாங்களும் நான்கு குடும்பமாகத்தான் கூட்டுத்தோட்டம் செய்கிறோம். சனி, ஞாயிறுதான் எல்லோரும் போவோம். வெண்டி, பயிற்றை, கத்தரி எல்லாம் முதல் மாதம் அள்ளித் தந்தன. பிறகு குறைந்து, இப்போது நின்றே போய்விட்டது. பசளை காணாதா?
— வாசகர், செல்வநாயகபுரம்

பசளை இருக்கட்டும், யார் பறிக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒரு தரம்? உங்கள் கடிதத்திலேயே 'சனி, ஞாயிறுதான் எல்லோரும் போவோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுதான், தம்பி. ஒரு செடி விதையை முற்றவைப்பதற்காகத்தான் காய்க்கிறது. நான்கு காய் கொடியில் முற்றினால் தன் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துவிடும். பிஞ்சிலேயே பறித்துக்கொண்டிருந்தால் விடாமல் பூக்கும்.

வெண்டியை ஒன்றுவிட்ட ஒரு நாள் பறிக்க வேண்டும். பூ விரிந்து ஐந்தாறு நாளில் காய் பதம். நுனியை ஒடித்துப் பாருங்கள், 'டக்' என்று ஒடிந்தால் கறிக்கு, வளைந்தால் விதைக்கு. கத்தரி மினுங்கும்போது பறியுங்கள். மினுக்கம் மங்கினால் உள்ளே விதை கபில நிறமாகிக் கசக்கும். அதைக் கையால் இழுக்காதீர்கள், கொப்பு கிழியும், கத்தியால் வெட்டுங்கள்.

பயிற்றையில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு காம்பின் நுனியில் இரண்டு காய் சோடியாகத் தொங்கும். அந்தக் காய்கள் ஒட்டியிருக்கிற இடத்தில் கிட்டப் பாருங்கள், குண்டூசித் தலை அளவில் சிறு மொட்டுகள் இருக்கும். அடுத்த பூ அங்கேதான் வரும். நம் ஆட்கள் அவசரத்தில் காம்போடு சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள். அதோடு அந்தக் காம்பின் கதை முடிந்தது. ஒரு கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் நகத்தால் காயின் கழுத்தில் மட்டும் கிள்ளுங்கள். விதை புடைத்து வெளியே தெரிவதற்கு முன் கிள்ள வேண்டும். பறிப்பதை விடியற்காலையில் செய்து, ஈரச்சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். பத்து மணிக்குப் பறித்த பயிற்றங்காய் மத்தியானத்துக்குள் வதங்கிவிடும்.

நான்கு குடும்பம் என்றால் கிழமை நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு முறை உள்ளவர் நான்கு துண்டிலும் பறிக்கட்டும். பறித்தது அவருக்கே என்று வைத்தாலும் சரி, பங்கு போட்டாலும் சரி, கொடியில் முற்றவிடாமல் இருந்தால் போதும். எங்கள் தோட்டத்தில் பறித்தவருக்கே என்று வைத்திருக்கிறோம், சண்டை வரவில்லை.

நின்றுபோன வெண்டியையும் பயிற்றையையும் இப்போது எடுத்துவிடுங்கள், அவை திரும்பாது. கத்தரியை எடுக்க வேண்டாம். தண்டும் வேரும் நோயில்லாமல் இருந்தால் நிலத்தில் இருந்து ஓரடி விட்டு, மழைத்தண்ணீர் தங்காதபடி சாய்வாக வெட்டுங்கள். அடியில் இரண்டு கை மாட்டெரு வைத்து மண் அணையுங்கள். புரட்டாதி நடுப்பகுதிக்குள் இதைச் செய்துவிட்டால் ஐப்பசி மழைக்குத் துளிர்த்து, அடைமழை ஓய்ந்ததும் மீண்டும் பிஞ்சு பிடிக்கத் தொடங்கும்.